அப்பா எழுதும் சத்தம்

ஜூன் 5, வியாழன்

சைட்டில் இருக்கும்போது தினமும் லாக் எழுதுவது பழக்கம். எந்த பம்ப் ஓடியது, எந்த வால்வு ஒழுகியது, யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அன்றைக்கே தாளில் ஏறிவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த நாள் முடிந்த மாதிரியே இருக்காது. இப்போது லீவு. சைட் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இடம்: மதுரையில் ஒரு மருத்துவமனை, மூன்றாவது மாடி. மெஷின்: அப்பா.

அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். செவ்வாய்க்கிழமை அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். இனி கழுத்தில் போட்டிருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. பழைய மாதிரிப் பேச்சு கிடையாது. டாக்டர் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்ல அந்தாளு" என்று லிஃப்ட்டில் முனகிக்கொண்டே வந்தாள்.

அப்பாவின் பெயர் திருமலைச்சாமி. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். தொண்டைதான் தொழில். அவர் தக்காளி ஏலம் போட்டால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். அது மிகை. மார்க்கெட் வாசலைத் தாண்டி டீக்கடை வரை கேட்கும். நானே நின்று சோதித்திருக்கிறேன்.

இன்றைய கோளாறு: பேனா. அப்பா மல்லாந்து படுத்திருக்கிறார், எழுந்து உட்காரக்கூடாது. தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து எழுதுகிறார். நாலு எழுத்துக்குமேல் பேனா ஓடவில்லை. புதுசு வாங்கி வந்தேன். அதுவும் நின்றது. இன்னொன்று. அதுவும். அப்புறம்தான் உறைத்தது: மை கீழே இறங்கினால்தான் முனைக்கு வரும். பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி வரும்? பம்ப் நிறுவும் இன்ஜினியருக்கு இது மூன்றாவது பேனாவில் உறைக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பென்சில் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கோணத்திலும் எழுதுகிறது. அப்பா எழுதிய முதல் வாக்கியம்: "உங்கம்மா சாப்ட்டாளா".

ஜூன் 6, வெள்ளி

இருமினால் சளி வாய் வழியாக வராது, கழுத்துத் துளை வழியாகத் தெறிக்கும். தாள் நனையும். நேற்று பேனாவில் எழுதியது கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. துடைத்தேன், படித்தேன். பென்சிலுக்கு இன்னொரு மதிப்பெண்.

ஜூன் 8, ஞாயிறு

மருத்துவமனைக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடை. கடையில் இருக்கும் அக்காவுக்கு என் முகம் பழகிவிட்டது. "மறுபடியும் பென்சிலா? திங்கிறாரா உங்கப்பா?" என்றார்.

HB-யில் எழுத அப்பாவுக்குக் கை அழுத்த வேண்டியிருக்கிறது. தெம்பு இல்லை. 4B மிக மென்மை, நாலு வரியில் முனை மழுங்குகிறது, உள்ளங்கையெல்லாம் கரி. 2B சரியாக இருக்கிறது. தாளைத் தொட்டாலே பதிகிறது, ஆனால் கையில் ஈஷாது. கூடவே ஒரு பரீட்சை அட்டை வாங்கினேன், மேலே கிளிப் வைத்த பழுப்பு அட்டை. வயிற்றின்மேல் நிறுத்திவைத்து எழுத வசதி.

இந்த லாகையும் இன்றிலிருந்து 2B-யில் எழுதுகிறேன். பேனா வழுக்கிக்கொண்டு போகும். இது தாளைப் பிடித்துப் பிடித்து நகர்கிறது. கை எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரிகிறது. கல்லூரியில் முதல் வருஷ டிராயிங் வகுப்பில், கோடு இழுக்கும்போது பென்சிலை விரலுக்குள் மெல்ல உருட்டச் சொல்வார்கள். முனை எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும், கோடு கடைசி வரை ஒரே தடிமன் இருக்கும். அன்றைக்கு அது பெரிய தொல்லை. இன்றைக்கு எழுதும்போது விரல் தானாக உருட்டுகிறது.

ஷார்ப்னரில் சீவினால் வரும் விசிறிச் சுருளை அப்பா கட்டிலோரத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிறார். நர்ஸ் அதைக் கூட்டித் தள்ளுகிறார். அப்பா மறுபடி சீவுகிறார்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அப்பா அவளுக்கு எழுதுவதை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் "அப்பா உன்னைத் தூங்கச் சொல்றார்" என்று சுருக்கமாகச் சொன்னேன். அப்பா பென்சிலால் அட்டையை ஓங்கித் தட்டினார். எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டுமாம். வாசித்தேன்.

"ஏ புள்ள நாச்சா, மூஞ்சி வீங்கிக் கெடக்குது. போய்ப் படுடீ."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பெத்தவள டீ போட்டுக் கூப்புடறான் பாரு."

"நானா கூப்பிட்டேன்? அவர் எழுதியிருக்கார்."

"சொன்னது உன் வாயிதான?"

நாச்சம்மாள் என்ற முழுப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு நாச்சக்கா, அப்பாவுக்கு நாச்சா. இப்போது நானும் தினமும் பத்துத் தடவை நாச்சா என்கிறேன்.

கணக்கு இதுதான். ஜூலை 8-ஆம் தேதி நான் குஜராத் சைட்டில் இருக்க வேண்டும். குடிநீர்த் திட்டம், பாலைவனத்து ஓரம், தகரக் கொட்டகையில் எட்டுப் பேர். அங்கே இவர்களைக் கூட்டிப்போக முடியாது. நான் போன பிறகு வீட்டில் பேச முடியாத ஒருவர், படிக்கத் தெரியாத ஒருவர். இடையில் நான் இல்லை. இந்த டிசைன் வேலை செய்யாது.

ஜூன் 11, புதன்

அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். அ, ஆ, இ. ஈ வருவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்பினேன். "ஏஞ்சாமி, முப்பது வருசமா அந்த மனுசன் தொண்டையைக் கேட்டே காலம் ஓட்டிட்டேன். இப்பப் போயி இது வேணுமா" என்றாள். தோல்வி.

ஜூன் 13, வெள்ளி

மார்க்கெட்டிலிருந்து ஆரோக்கியம் மாமா பார்க்க வந்தார். அப்பாவோடு சேர்ந்து ஏலம் கூறுகிறவர். கட்டிலருகே வந்ததும் அப்பாவின் காதோரம் குனிந்து கத்தினார்.

"மச்சான்! எப்படி இருக்கீங்க!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா எழுதினார்: "காது கேக்குது". மாமா அதைப் படித்தார், தலையாட்டினார், பென்சிலை அவர் கையிலிருந்து வாங்கி கீழே எழுதினார்: "சந்தோஷம் மச்சான். வெங்காயம் வரத்து கம்மி".

நான் "மாமா, நீங்க வாயாலயே சொல்லலாம்" என்றேன்.

"அட ஆமால்ல" என்றவர், அடுத்த விஷயத்தையும் எழுதித்தான் காட்டினார். பென்சில் கைக்கு வந்ததும் திருப்பித் தர மனசு வரவில்லை போல. போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டும் போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

டிஸ்சார்ஜ். ரேடியேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். ஒட்டன்சத்திரம் வந்து சேர்ந்தோம்.

கூப்பிடுவதற்கு வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். பொத்தான் அப்பா தலையணைக்குக் கீழே, ஒலிப்பான் சமையலறையில். வேலை செய்கிறது. அளவுக்குமேல் செய்கிறது. மின்விசிறியைக் குறைக்க ஒரு முறை, கூட்ட ஒரு முறை. அம்மா கரண்டியோடு வந்து நின்று, "கோயில் மணி மாதிரி ஆட்டாதீங்க, நான் ஓடிப்போயிருவேன்" என்றாள். அப்பா தோள் குலுங்கியது. சிரிப்பு. சத்தம் இல்லாமல் சிரிப்பதை இன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நான் வெளியே போய் பைக்கைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஒரு விஷயம் கவனித்தேன்.

காலையில் அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். முதுகு அப்பா பக்கம். அப்பா அட்டையில் எழுத ஆரம்பித்தார். நான் எழுந்து போய் வாசிப்பதற்கு முன்னாலேயே அம்மா திரும்பாமல் சொன்னாள்:

"ரசத்துல உப்பு கூடிப்போச்சு, தெரியும். அதுக்கு எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

தாளைப் பார்த்தேன். "மோட்டார் ரூம் சாவி எங்க வெச்சுத் தொலச்சா" என்று இருந்தது.

விஷயம் தவறு. கோபம் சரி.

சந்தேகம் வந்தது. சோதித்தேன். அம்மாவை முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். அப்பா எழுத வேண்டும், அம்மா சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது, சம்மதித்தாள். அப்பாவுக்கும் பொழுது போகவில்லை.

"இது சும்மா எழுதறாரு." சரி. ஊர் பெயர் எழுதியிருந்தார்.

"இது யாரையோ திட்டறாரு. ஆரோக்கியத்தையா?" திட்டுதான். ஆள் நான். "இவனுக்கு வேற வேல இல்ல" என்றிருந்தது.

"இது பொய்க்கு எழுதறாரு." அப்பா தாளில் வெறுமனே வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

அட்டை கெட்டியாக இருப்பதால் ஒலிக்கிறது. அழுத்தினால் கரகரவென்று, மெதுவாகப் போனால் உரசல் மட்டும். காது கொடுத்துக் கேட்டால் எனக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் கோபத்திலேயே எது நிஜக் கோபம், எது வம்பு என்று அம்மாவுக்குத்தான் தெரிகிறது. என்ன எழுதினார் என்பதை மட்டும் ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை. பயனுள்ள தகவல் என்று சொல்ல முடியாது. குறித்து வைக்கிறேன்.

ஜூன் 21, சனி

ஆன்லைனில் ஒரு எல்சிடி சிலேட்டு வரவழைத்தேன். பிளாஸ்டிக் குச்சியால் எழுதலாம், பொத்தானை அழுத்தினால் அழியும். தாள் வேண்டாம், சீவ வேண்டாம், கட்டிலெல்லாம் கரி வேண்டாம். அட்டையையும் பென்சில்களையும் பரணில் ஏற்றிவிட்டேன். அப்பா வேண்டாம் என்று கையாட்டினார். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் ஏதோ கோளாறு. அப்பா சாப்பிடவில்லை. அம்மா அவர் பக்கமே போவதில்லை. தட்டைக் கொண்டுபோய் வைக்கிறாள், வந்துவிடுகிறாள். அப்பா சிலேட்டில் எழுதுகிறார், கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அம்மா திரும்பிப் பார்ப்பதில்லை, அழித்துவிடுகிறார். நான் குளிக்கவோ கடைக்கோ போயிருந்தபோது அப்படி எத்தனை வாக்கியம் அழிந்ததோ.

அம்மாவிடம் கேட்டேன். "ஏன் அவரோட பேசமாட்டேங்குற?"

"அவரு எங்கிட்டப் பேசுனாத்தான நான் பேச. வாயும் போச்சு, இப்ப எங்கூட இருக்கற நெனப்பும் போச்சு போல. செவத்தப் பார்த்துட்டுக் கெடக்கறாரு."

"நாள் முழுக்க எழுதிட்டுத்தானே இருக்கார்?"

"எப்ப?"

அவள் உண்மையாகவே கேட்டாள்.

ஜூன் 25, புதன்

ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோனால் முதல் கேள்வி: கடைசியாக என்ன மாற்றினாய்? சைட்டில் ஜூனியர் பையன்களை இதைக் கேட்டே அழவைத்திருக்கிறேன்.

மாற்றியது நான். சிலேட்டுக்குச் சத்தம் இல்லை.

பரணில் ஏறினேன். அட்டையை எடுத்தேன். நாலு பென்சிலையும் சீவினேன், ஷார்ப்னரில் இல்லை, பிளேடில், முனை நீளமாக வருகிற மாதிரி. அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. பிறகு அட்டையை மடியில் வைத்து ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். அட்டை அதிர்ந்தது. கரகர, கரகர, நடுவில் ஒரு முனை ஒடிந்தது, அடுத்த பென்சில்.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். நிலைப்படியில் நின்று முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இப்ப என்னத்துக்கு இந்தக் கத்து? நாலு நாளா வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

அப்பா இன்னும் வேகமாக எழுதினார்.

"ஓ, நாந்தான் பேசலையா? நானா? நல்லா இருக்குதே கதை!"

அவர் எழுத, இவள் பதில் சொல்ல, இவள் பேசி முடிப்பதற்குள் அவர் எழுத. நான் வாசிக்கலாமா என்று பக்கத்தில் போனேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. தாளில் என்ன இருந்தது என்றால், முதல் பாதி சிலேட்டு வாங்கிய என்னைத் திட்டி. அம்மா தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா திருத்தவில்லை. அவருக்கும் ஒரு சண்டை வேண்டியிருந்தது போல.

இரவுச் சாப்பாடு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஜூன் 28, சனி

என் பெட்டியில் ஒரு டஜன் 2B எடுத்து வைத்திருக்கிறேன், சைட்டுக்கு. மேனேஜர் ராமநாதன் சார் ஃபோனில், "லாக் எல்லாம் இனிமே டேப்லெட்ல போடணும் நவநீதன்" என்றார். போடுகிறேன் சார் என்றேன். போடுவேன். அதற்கு முன் தாளில் எழுதிக்கொள்வேன். டேப்லெட்டில் நான் யோசிப்பதற்கு முன்பே வாக்கியம் முடிந்துவிடுகிறது. பென்சிலில் வாக்கியத்தின் நடுவில் நிற்கலாம். முனையைத் தாளில் ஊன்றி, அடுத்த சொல் வரும்வரை சும்மா இருக்கலாம். எனக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது. இதில் மட்டும் எப்படியோ முடிகிறது.

காரணம் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

மதியம் அப்பா என்னைக் கூப்பிட்டு எழுதினார். நீளமாக. வழக்கமான வேகம் இல்லை. எழுதி, நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, மறுபடி எழுதி. எழுதி முடித்ததும் அட்டையை என் பக்கம் திருப்பினார்.

"ரேடியேஷன் வேணாம்னுட்டான் சந்தோசம். மறுபடி வந்துச்சுன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். அப்ப உங்கம்மாவக் கையோட கூட்டிட்டுப் போயிரு. கொட்டகையோ கோட்டையோ கூட வெச்சுக்க. அவளுக்குத் தனியா இருக்க பயம். வெளிய சொல்ல மாட்டா. நான் மார்க்கெட்டு போற நாள்ல எல்லாம் ரேடியோவ போட்டுட்டுத்தான் வேல செய்வா. இத வாசிக்காத."

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "என்னவாம்?"

"காபி வேணுமாம்."

கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. அம்மா டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"காபிக்கு இம்புட்டு நேரமா எழுதுனாரு?"

"சர்க்கரை எவ்வளவுன்னும் எழுதினார்."

"எவ்வளவாம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா காபியைப் பார்த்தார்.

"அரை ஸ்பூன்" என்றேன்.

அம்மா சமையலறைக்குப் போனாள். அப்பா கேட்காத காபியை முழுதாகக் குடித்தார். இப்போதெல்லாம் அவருக்கு விழுங்கவே சிரமம்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நான் வாளியைத் தூக்கிப் போயிருந்தேன். அம்மா வேட்டியை உதறிக்கொண்டே சொன்னாள்:

"தனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைய உங்கூடக் கூட்டிட்டுப் போகச் சொல்லி எழுதுனாரா?"

கிளிப் என் கையிலிருந்து விழுந்தது.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இவரு அப்பா படுத்தப்பவும் இவரு இதையேதானே எல்லாத்துகிட்டயும் பேசுனாரு. அம்மாவ யாரு வெச்சுக்கறது, அம்மாவ யாரு வெச்சுக்கறதுன்னு. நீயும் அன்னிக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு கேட்டப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்ட." வேட்டியைக் கொடியில் போட்டு நீவினாள். "நான் எங்கயும் வரமாட்டேன்னு சொல்லிரு."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்குக் காது நல்லாத்தானே இருக்கு. நீயே சொல்லு."

கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். ஜூலை 8-க்கு ஒரு வாரம் இருக்கிறது, இன்னும் எல்லாவற்றுக்கும் நான் நடுவில் நிற்க வேண்டுமா என்று.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள். அப்பா படுத்திருக்கும் அறை ஜன்னல் மாடிப்படிக்கு நேர் கீழே. அவள் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பிறகு பென்சில். பிறகு அவள். பிறகு பென்சில், ரொம்ப நேரம். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் எழுதிக்கொண்டிருந்தார். அவளும் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போய் வாசித்துச் சொல்வது என் வேலை. போகவில்லை. வாளியில் ஈரத்துணி பாக்கி இருந்தது.

ஜூலை 3, வியாழன்

பேச்சுப் பயிற்சிக்கு மதுரை. பயிற்சி கொடுக்கும் ஷெரின் மேடம் குரல் கருவியைக் காட்டினார். டார்ச் லைட் மாதிரி இருக்கிறது. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும், வாயை அசைத்தால் பேச்சாக வரும். ஒரே சுருதி, ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியும். நான் நாள் கணக்கில் காத்திருந்த தீர்வு இதுதான். அப்பா நன்றாகவே பிடித்துக்கொண்டார். மேடம் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்து அப்பாவைப் பேசச் சொன்னேன். அப்பா கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"நாச்சா. நான் தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். "ரேசன் கடை மெசின் பேசற மாதிரியே இருக்குது" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அப்புறம் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பா கருவியை அணைத்தார். மேசை டிராயரைத் திறந்தார், உள்ளே வைத்தார், மூடினார். அட்டையை எடுத்தார்.

நான் கத்திவிட்டேன். ஆத்திர அவசரத்துக்கு ஆள் கூப்பிட வேண்டாமா, ஃபோன் பேச வேண்டாமா, ஒரு கரிக்குச்சியை நம்பி இரண்டு பேரை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று. எல்லாம் சரியான கேள்விதான். கத்தும்போது ஒன்று கவனித்தேன். அச்சு அசல் அப்பாவின் குரல். அவரும் அதைக் கேட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 5, சனி

சமாதானம் ஆகிவிட்டது. கருவி வெளியாட்களுக்கு, பென்சில் வீட்டுக்கு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. இன்று கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வாசலிலிருந்து ஆளில்லை என்று திரும்பப் பார்த்தார். அப்பா டிராயரைத் திறந்து கருவியைக் கழுத்தில் வைத்து, "ஏய் நில்லு" என்றார். அந்த மனிதர் சிலிண்டரைக் காலில் போட்டுக்கொள்ள இருந்தார். அப்பாவுக்கு அதில் ஏகத் திருப்தி. சாயங்காலம் ஆரோக்கியம் மாமாவுக்கு அதே கருவியில் ஃபோன் போட்டு, நாலு காய்க்கு ஏலம் கூறிக் காட்டினார்.

அம்மாவிடம் மட்டும் பென்சில்தான். தட்டுகிற முறை ஒன்றும் வந்திருக்கிறது. பென்சிலின் பின்பக்கத்தால் அட்டையில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அம்மா கேள்வி கேட்பாள், அவர் தட்டுவார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்போது வந்தது என்றுகூடத் தெரியாது.

தப்புத் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறாள். இன்று அவர் நகவெட்டி கேட்டதற்கு மோர் கொண்டுவந்தாள். இரண்டு தட்டு. போர்வை கொண்டுவந்தாள். இரண்டு தட்டு. நாலாவது முறை நகவெட்டி வந்தது. நான் ஒரு வார்த்தையில் வாசித்துச் சொல்லியிருப்பேன். அவர்கள் இதற்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். அவசரம் எனக்குத்தான் இருந்தது.

ஜூலை 7, திங்கள்

கிளம்புகிறேன். அப்பா எழுதியது: "போ".

ஜூலை 8, செவ்வாய்

சைட். வெயில். பம்ப் 2-இல் அதிர்வு அதிகம்.

ஜூலை 13, ஞாயிறு

வீட்டுக்கு ஃபோன். அம்மா எடுத்தாள். அப்பா இட்லி இரண்டு சாப்பிட்டாராம், புண் காய்ந்துவிட்டதாம். சொல்லி முடித்தவள், "இரு சாமி, உங்கப்பா பேசறாராம்" என்றாள்.

கருவி கரகரக்கும் என்று காத்திருந்தேன். வந்தது பென்சில். ஃபோனை அட்டைமேல் வைத்திருக்கிறாள் போல. இவ்வளவு கிட்டத்தில் நான் அதைக் கேட்டதில்லை. முனை கீழே இறங்குவது, வளைவது, தூக்குவது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது.

நின்றது. அம்மா ஃபோனை எடுத்தாள்.

"அங்க சோறு எப்படின்னு கேக்கறாரு."

"அம்மா, உனக்குப் படிக்கத் தெரியாது."

"நீ பதிலச் சொல்லு."

"பரவாயில்லை. சப்பாத்திதான் தினமும்."

"சப்பாத்தியாம்" என்று அந்தப் பக்கம் சொன்னாள். டக், டக். இரண்டு தட்டு.

"இல்லையாம். வேற என்னமோ கேட்டிருக்காரு. இருங்க, இருங்க, கோவிச்சுக்காதீங்க. மறுக்கா எழுதுங்க."

மறுபடி பென்சில்.

"அந்த பம்ப்பு ஓடுதான்னு கேக்கறாரு."

ஒரு தட்டு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பம்ப் 2 நேற்றுதான் ஒழுங்காக ஓடியது. அதிர்வு எங்கிருந்து வந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று விவரமாகச் சொன்னேன். அம்மா அதில் பாதியை விட்டுவிட்டு மீதியை அப்பாவிடம் சொன்னாள். ஃபோன் ஸ்பீக்கரில்தான் இருந்தது, அவருக்கு எல்லாம் நேராகவே கேட்டிருக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு மறுபடி பென்சில். இந்த முறை சத்தம் குறைவு. மெதுவாக, தாளிலிருந்து தூக்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கொட்டகையில் யாரோ பாட்டுப் போட்டார்கள், கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். பென்சில் நின்றது.

"அம்மா? என்ன சொல்றார்?"

"அது உனக்கில்ல சாமி, எனக்கு" என்றாள். "நீ வெச்சிரு."